தரையில் படக் கூடாத பலகை

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான்கு தெருக்கள் வந்து முட்டிக்கொள்ளும் எங்கள் முனையில், உலக சமாதானத்துக்காக ஐந்து பேர் நிற்பார்கள். அவர்கள் நின்றதால் எந்தப் போரும் நின்றதாகத் தகவல் இல்லை. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாது, ஏனென்றால் ஒரு வாரமும் அவர்கள் நிற்காமல் இருந்ததில்லை. மழையில் நின்றிருக்கிறார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டு முனையே நாறியபோது ஒரு கையால் மூக்கையும் மறு கையால் கொள்கையையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஐவரில் நால்வரைப் பார்த்தால் சமாதானக்காரர்கள் என்று நம்பிவிடலாம். தலைவி மாதிரி இருப்பவர் டீச்சர். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் அந்த நாட்டின் தலைநகரத்தையும் முக்கியப் பயிரையும் சொல்லிவிட்டுத்தான் வருத்தப்படுவார். அடுத்தவர் பல் டாக்டர். காய்கறி மட்டும் சாப்பிடுபவர், அதை யாரும் கேட்காமலே சொல்பவர். மூன்றாமவர் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் நாலு கல் பறந்தால் லாபம் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அப்படியும் சமாதானத்துக்கு நிற்கிறார் என்றால் அது தியாகம். நான்காவது தையல்காரம்மா. கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்பவர். உலகத்தில் எல்லாரும் இவரைப் போல இருந்தால் சண்டையே வராது. ஒரு முடிவும் வராது.

ஐந்தாவது ஆள் கறிக்கடைக்காரர்.

அகலமான மனிதர். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் குடியேறியிருக்கும். தெருவில் அவருக்குக் கத்தியார் என்று பெயர். அந்த முனையில் அவர் சண்டை போடாத ஆள் பாக்கி இல்லை. கடை வாசலில் வண்டி நிறுத்துபவன், எதிர் வாடையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவன், குப்பை வண்டி ஓட்டுபவன், யாரையும் விடமாட்டார். வாடிக்கையாளர் என்றால் மட்டும் தனிச் சலுகையா? "கொழுப்பைக் கழிச்சுக் குடுங்க" என்று ஒருவர் கேட்டால், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரோடதை?" என்பார். அப்படிப்பட்டவர் வாரம் ஒரு மணி நேரம் 'ரத்தம் வேண்டாம்' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை ஊர் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்லிச் சிரித்தது.

அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் கத்தியாரைச் சொல்ல முடியாது.

இந்தக் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு என்றால் ஒரு பக்கம் தோற்கும், தோற்றவன் மனதில் பகை முளைக்கும், பகைதான் போருக்கு விதை என்று பல் டாக்டர் ஒருநாள் விளக்கினார். அன்றிலிருந்து எல்லாரும் சம்மதித்தால்தான் எதையும் செய்வது. ஒருவர் மாட்டேன் என்றாலும் இல்லை. எல்லாரும் என்றால் அன்றைக்கு வந்திருக்கும் எல்லாரும். வராதவருக்குச் சொல் கிடையாது. இந்த ஏற்பாட்டின் பலனாகக் குழுவுக்கு இன்றுவரை பெயர் வைக்கப்படவில்லை.

பலகையில் என்ன எழுதுவது என்பதிலும் இதே கதைதான். 'போர் வேண்டாம்' என்று எழுதினால் எந்தப் போர் என்று கேட்பார்கள் என்றார் டாக்டர். 'சமாதானம் வேண்டும்' என்பது கைமாற்று கேட்பது போல இருக்கிறது என்றார் கண்ணாடிக்காரர். 'அன்பு செய்வோம்' என்று டீச்சர் சொன்னபோது தையல்காரம்மா வெட்கப்பட்டார். கடைசியில் 'ரத்தம் வேண்டாம்' என்பதை மறுக்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கண்ணாடிக்காரர் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதினார். முதல் வாரமே பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். சாக்கடைத் தண்ணீர் ஏறி, மை கரைந்து, ஒவ்வொரு எழுத்திலிருந்தும் சிவப்பாக ஒழுகியது. கண்ணாடிக்காரர் கண் கலங்கிவிட்டார். பலகை இனி ஒருபோதும் தரையில் படக் கூடாது, எப்போதும் யாராவது ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே, அங்கேயே, எல்லாரும் சம்மதித்தார்கள். அந்தக் குழு மூச்சு விடாமல் எடுத்த ஒரே முடிவு அது.

அதன் பிறகு யாருக்காவது தும்மல் வந்தால்கூடப் பலகை கை மாறும். பக்கத்தில் நிற்கும் எந்தக் கையானாலும் சரி. பேருந்துக்கு நின்றவர்கள் பிடித்திருக்கிறார்கள். வாக்குவாதம் செய்ய வந்தவன் பிடித்திருக்கிறான். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரரே பிடித்தார். அன்று வண்டிகள் கொஞ்சம் ஒழுங்காக நின்றன.

கத்தியார் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான். அந்த முனையின் சிக்னல் லேசில் பச்சைக்கு மாறாது. நிற்கும் வண்டிக்காரன் வேறு வழியில்லாமல் பலகையைப் படிப்பான் என்று கணக்குப் போட்டு, குழு நேராகக் கறிக்கடைக்கு முன்னால் வந்து நின்றது. நெஞ்செலும்பு தொங்கும் கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஐந்தாறு வாரம் நின்றதும் கத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார்.

"டீச்சர், உலகத்துக்குச் சமாதானம் வேணும்னா உலகத்துக்கு முன்னாடி போய் நில்லுங்க. என் கடைக்கு முன்னாடி எதுக்கு?"

டீச்சரிடம் பூகோளத்தில் தோற்றவர் அவர். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "முதல்ல கத்தியை உள்ள வச்சுட்டு வந்து பேசு."

போய் வைத்துவிட்டு வந்தார். பாதிச் சண்டை அதிலேயே தோற்றுவிட்டது.

"இதைக் கொஞ்சம் பிடி," என்று டீச்சர் பலகையை அவர் கையில் திணித்தார். "மாத்திரை போடணும்."

மாத்திரை பையில் அடியில் கிடந்தது. அது கிடைத்ததும் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீர் வாங்கப் போன இடத்தில் பழைய மாணவி ஒருத்தி கிடைத்தாள். டீச்சர் திரும்பி வருவதற்குள் ஆறு மணி அடித்துவிட்டது. கத்தியார் அதுவரை பலகையோடு அப்படியே நின்றார். கீழே வைக்கப் போனபோதெல்லாம் மற்ற மூவரும் குழந்தையைக் கிணற்றில் போடுகிறவனைப் பார்ப்பது போல அலறினார்கள்.

இது தற்செயல். அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமல் அவராகவே ஐந்து மணிக்கு வந்து கையை நீட்டினாரே, அதற்கு என்ன பெயர்? வியாபாரத் தந்திரம் என்றான் ரொட்டிக்கடைக்காரன். வீட்டில் தொல்லை தாங்காமல் ஒதுங்குகிறார் என்றான் கடையில் அவரோடு வெட்டும் மச்சான். சொந்த அக்காவைப் பற்றி அதற்கு மேல் மரியாதையாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை.

அவர் முதல் முறை பலகையைப் பிடித்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. வெட்டுக்கட்டையில் தொடைக்கறி கிடந்தது. மகன் எதிரில் வந்து நின்றான்.

"அப்பா, செலக்ட் ஆயிட்டேன்."

"எதுக்கு?"

"பட்டாளத்துக்கு."

கத்தியார் வெட்டிக்கொண்டேயிருந்தார். எலும்பு வரும் இடத்தில் கத்தி நின்றது. "பூட்ஸ் அவங்களே குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கப்பா."

"சரி."

ஊரையே திட்டித் தீர்க்கும் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது அவ்வளவுதான். வீட்டுப் பின்கட்டில் மனைவி அழுது முடித்தாள். மகன் அந்த மாதமே போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் வரும். "சாப்பிட்டியா?" என்பார் அப்பா. "கடை எப்படி?" என்பான் மகன். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திராமல் அம்மாவிடம் ஃபோன் போகும். எல்லையில் மகன் துப்பாக்கியோடு நிற்பதைக் கத்தியார் குழுவில் சொல்லவில்லை. முனையில் தான் பலகையோடு நிற்பதை மகனுக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும், மகனிடம் சொல்ல வராததை வருகிற போகிற வண்டிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றார். இதை நான் சொல்கிறேனே தவிர, அவர் சொன்னதில்லை. கேட்டால், "என் கடைக்கு முன்னாடி நான் நிக்கிறேன். உனக்கென்ன?" என்பார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் வம்பில்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் வந்து கெடுத்தார்.

அவர் வந்தது உடைந்த தண்ணீர்க் குழாயைப் படம் பிடிக்க. குழாய் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. வந்ததற்கு ஏதாவது எடுப்போம் என்று திரும்பினார். எதிரே, வெள்ளி மாலைக் கூட்டத்துக்கு வெட்டிவிட்டு அப்படியே வெளியே வந்திருந்த கத்தியார். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சிவப்பாகத் தெறித்த ஏப்ரன். கையில் 'ரத்தம் வேண்டாம்'. ஒரு புகைப்படக்காரரின் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணம் ஒருமுறைதான் வரும். வந்தது. முதல் பக்கத்திலேயே போட்டார்கள்.

அடுத்த நாள் கடையில் கூட்டம். "அண்ணே, ரத்தம் இல்லாம அரைக் கிலோ." "அண்ணே, ஆட்டுக்கிட்ட சமாதானம் பேசிட்டீங்களா?" கசாப்புக் கடைக்காரனைத்தான் ஆடு நம்பும் என்று ரொட்டிக்கடைக்காரன் வாசலில் நின்று பழமொழி சொன்னான். கத்தியார் எல்லாருக்கும் பதில் சொன்னார். அந்தப் பதில்களை அச்சில் போட முடியாது.

அந்த வாரமே கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் குழு கூடியது. நாலு சுவரிலும் விற்காத நிலைக்கண்ணாடிகள் சாய்ந்திருக்கும் அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்து பேரும் ஐம்பது பேராகத் தெரிவார்கள். குழுவின் வரலாற்றிலேயே பெரிய கூட்டம் எப்போதும் அங்கேதான் நடக்கும்.

பல் டாக்டர் பத்திரிகையை விரித்தார். "நான் யாரையும் புண்படுத்த விரும்பல. ஆனா இதைப் பாருங்க. நம்ம நோக்கத்தையே கேலி பண்ற மாதிரி இருக்கு. ஒரு உயிரைக் கொல்ற தொழில்ல இருக்கிறவர்..."

"நான் கொல்றதில்ல டாக்டர். வர்றப்பவே செத்துத்தான் வருது," என்றார் கத்தியார்.

"அது வேற விஷயம்."

"ஆட்டுக்கு வேற விஷயம் இல்ல. இருந்தாலும் கேக்குறேன், நான் எலும்பை வெட்டுறேன், நீங்க எலும்பைப் புடுங்குறீங்க. என்ன பெரிய வித்தியாசம்?"

"நான் மரத்துப்போக ஊசி போடுறேன்!"

"அதுதான் உங்க தொழில்ல இருக்கிற கருணை. என் தொழில்ல கத்துறவங்க யாருமே இல்ல."

"சரியாத்தான சொல்றாரு," என்றார் தையல்காரம்மா.

"ஏம்மா, படத்தைப் பார்த்தீங்களா இல்லையா?" என்றார் டாக்டர்.

"பார்த்தா அசிங்கமாத்தான் இருக்கு," என்றார் தையல்காரம்மா.

இந்த நேரம் பார்த்துத்தானா மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்! வேலியில் போன ஓணானை வேட்டியில் விடுவதில் அவனுக்கு இணை அவன்தான்.

"மாமா, அக்கா உடனே சொல்லச் சொன்னா. தம்பி ஃபோன் பண்ணானாம். பட்டாளத்துல லீவு குடுத்துட்டாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை காலைல இங்க இருப்பானாம்!"

ஐம்பது முகங்கள் கத்தியார் பக்கம் திரும்பின.

"பட்டாளமா?" என்றார் பல் டாக்டர்.

மச்சான் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான். சாத்த வேண்டியது கதவைத்தானா என்பது வேறு கேள்வி.

டீச்சர்தான் கேட்டார். "ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"பையனைத் தடுக்கலையா?"

கத்தியார் கண்ணாடியில் தெரிந்த தன் கைகளைப் பார்த்தார். "நான் சொன்னா கேக்குற வயசா அவனுக்கு? ஊருக்காவது சொல்லிப் பாப்போம்னு வந்து நின்னேன். ஊரும் கேக்கல."

டீச்சர் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு டாக்டர் தொண்டையைச் செருமினார். கத்தியார் மேல் தனக்கு மரியாதை உண்டு, வருத்தம் உண்டு. ஆனாலும் ரத்தக் கறையோடு ஓர் ஆள், அவர் மகன் பட்டாளத்தில், இது குழுவுக்குச் சரிவராது, அவர் இனி வர வேண்டாம் என்று முடிவு செய்யலாம் என்றார். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சம்மதம் என்றார். தையல்காரம்மா சம்மதம். டீச்சர் ரொம்ப யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் அப்படித் தோணுச்சுன்னா நான் குறுக்க நிக்கல," என்றார்.

"அப்போ முடிஞ்சது," என்றார் டாக்டர்.

"எனக்குச் சம்மதம் இல்ல," என்றார் கத்தியார்.

"உங்களை நீக்குறதுக்கு உங்க சம்மதம் எதுக்குங்க?"

"வந்திருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும். நான் வந்திருக்கேன். வேணும்னா எண்ணிப் பாருங்க, இங்க பத்துப் பேரா இருக்கேன். ஒருத்தனும் சம்மதிக்கல."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று கண்ணாடிகளாலும் சொல்ல முடியவில்லை. "விதி அப்படித்தான் டாக்டர். கொண்டுவந்தது நீங்க."

"சரி," என்றார் டாக்டர். "வராதவங்களுக்குச் சொல் கிடையாதுங்கறதும் விதிதான். வர்ற வெள்ளிக்கிழமை நின்னு முடிச்ச கையோட அங்கேயே பேசுவோம். பையன் லீவுல வர்ற நாள்ல நீங்க பலகை பிடிக்க வருவீங்களான்னு பார்ப்போம்."

பல் பிடுங்குகிறவருக்கு எங்கே நெம்ப வேண்டும் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மகன் வந்தான். கறுத்து, இளைத்து, முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அப்பாவைவிட அதிகமாகச் சாப்பிட்டான். மத்தியானம் கத்தியார் மனைவியிடம் தனியாக, "சாயங்காலம் இவனை அவனோட பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. ஆறு மணிக்கு முன்னாடி வரக் கூடாது," என்றார்.

"ஏங்க, புள்ள வந்திருக்கான். இன்னைக்கு ஒரு நாள் நீங்க போய் நிக்கலேன்னா உலகம் அழிஞ்சிடுமா?"

"நின்னாலும் அழியாமலா இருக்கு?"

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

அதற்குப் பதில் இருந்திருந்தால் அவர் ஏன் பலகை பிடிக்கப் போகிறார்? "தோய்ச்ச ஏப்ரன் ஒண்ணு எடு," என்றார்.

பட விஷயத்தில் டாக்டருக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது என்று அன்று பளீரென்ற வெள்ளை ஏப்ரனில் போய் நின்றார். மச்சான் கடைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "மாமா, எனக்குக் கடைவாய்ப் பல் ஆடுது, கொஞ்சம் பாருங்க," என்றான். உண்மையான பல் டாக்டர் தாமதமாக வந்தார். பிடிவாதமான ஒரு பல் அன்றைக்கு அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. கோட்டைக் கழற்ற நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். வெள்ளைக் கோட்டின் நெஞ்சில் இரண்டு மூன்று சிவப்புப் பொட்டுகள். கத்தியார் அதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையிலேயே பெரிய அகிம்சை அதுதான்.

பெரியம்மா வீடு பூட்டியிருந்தது.

மகன் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, கடையில் அப்பாவுக்குக் கை கொடுப்போமே என்று நடந்து வந்தான். சிக்னலுக்கு அந்தப் பக்கம் நின்றான். வேறு வழியில்லாமல் பலகையைப் படித்தான். பிறகு பலகைக்கு மேலே இருந்த தலையைப் பார்த்தான். சிவப்பு விழுந்ததும் சாலையைக் கடந்து வந்தான்.

"அப்பா."

கத்தியார் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பெரியம்மா இல்லையா?"

"இது எவ்வளவு நாளா நடக்குது?"

"நீ சொன்ன அன்னையிலேர்ந்து."

மகன் நாலு பேரையும் பார்த்தான். நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தார்கள். "எனக்கு எதிராவா நிக்கிறீங்க?"

"எல்லாத்துக்கும் எதிராத்தான். நீ நடுவுல போய் நின்னுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"வீட்ல சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா கேட்டிருப்பியா?"

மகன் யோசித்தான். பொய் சொல்லப் பழகாதவன். "இல்லப்பா."

"அதான்."

இதற்கு மேல் இருவரும் என்ன பேசியிருப்பார்களோ, கடைக்குள்ளிருந்து மச்சானின் ஓலம் எழுந்தது. "மாமா! கைமா மெஷின் ஏப்ரனை இழுத்துக்கிச்சு! மாமா, நான் உள்ள போறேன்!"

கத்தியார் பாய்ந்தார். பாயும்போது கை தானாகப் பழகியதைச் செய்தது. பக்கத்தில் நிற்கும் எந்தக் கையானாலும் சரி. "இதைக் கொஞ்சம் பிடி!"

மகனுக்கும் கொடுத்ததை வாங்கிப் பிடித்துத்தான் பழக்கம். வாங்கினான். பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன, நெஞ்சு முன்னால் வந்தது. பலகையின் கம்பு மூக்குக்கு நேராக நின்றது. அந்தப் பலகையை அதுவரை யாரும் அவ்வளவு அழகாகப் பிடித்ததில்லை. தையல்காரம்மா தன்னையறியாமல் தானும் நிமிர்ந்து நின்றார்.

எதிர் வாடையிலிருந்து ரொட்டிக்கடைக்காரன் உற்சாகமாகக் கத்தினான். "யோவ், அங்க பாருங்கய்யா! பட்டாளத்துக்காரனே ரத்தம் வேண்டாங்கறான்!"

அவன் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டு நின்றவர், வேறு யார், புகைப்படக்காரர். முதல் பக்கத்து ருசி கண்டவர் இந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டிருந்தார். மிச்ச ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு கேமராவை எடுத்தார்.

மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாளத்தில் இருப்பவன் இந்தப் பலகையோடு பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வேலை மட்டும் போனால் அதிர்ஷ்டம். நால்வருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவன் பலகையைச் சட்டென்று கீழே வைக்கக் குனிந்தான்.

"தரையில் வைக்காதே!" என்று நாலு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அவன் திடுக்கிட்டு மறுபடி நிமிர்ந்தான். முன்னைவிட நேராக. கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. புகைப்படக்காரர் சாலை நடுவுக்கு வந்துவிட்டார்.

"பலகையை நாம யாராவது வாங்கிக்கலாம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"வாங்கலாம். ஆனா நடுவுல வாங்கினா நாம அவனை விரட்டின மாதிரி ஆயிடுமா?" என்றார் டீச்சர்.

"ஆயிடும்," என்றார் தையல்காரம்மா. "அவனையே கேப்போமா?"

உலகத்தில் ஒரு போர் ஏன் உடனே நிற்பதில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. கேமரா கண்ணுக்குப் போனது.

பல் டாக்டர் யாரையும் கேட்கவில்லை. மகனுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரே தாவாகத் தாவினார். இரண்டு கைகளையும் விரித்து, கோட்டின் இரு பக்கங்களும் சிறகாகப் பறக்க, வாயை அவர் நோயாளிகளிடம் கேட்கும் அளவுக்குத் திறந்து, "எடுக்காதே!" என்று கத்தினார்.

கேமரா ஒருமுறை கண் சிமிட்டியது. அதற்குள் கத்தியார் வந்துவிட்டார். ஒரு கையில் மெஷின் மென்று துப்பிய மச்சானின் ஏப்ரன். பின்னால் பனியனோடு மச்சான், முழுதாக. கத்தியாருக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்தது. மகன் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போ. அம்மா தனியா இருப்பா," என்றார். பிறகு டாக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஆறு மணி வரை நின்றார்.

ஆறு மணிக்கு அவரை நீக்குவது பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டாக்டர் தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பல் டாக்டர். கொலை வெறியோடு பாய்கிற தோற்றம், திறந்த வாய், நெஞ்சில் ரத்தப் பொட்டுகள். முதுகுக்குப் பின்னால் பலகையின் மேல் பாதி மட்டும் தெரிகிறது. பிடித்த கை தெரியவில்லை. போன வாரம் இதே முனையில் ரத்தக் கறையோடு நின்றவர்தானே என்று அலுவலகத்தில் யாரோ ஆளை விசாரிக்காமல் கீழே அச்சடித்துவிட்டார்கள்: 'ரத்தம் வேண்டாம் என்று ஆவேசப்படும் கறிக்கடைக்காரர்.'

அந்த வாரம் பல் பிடுங்க வந்தவர்களில் இரண்டு பேர் வாசலோடு திரும்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் உள்ளே வந்து, ஈரல் புதுசா என்று கேட்டார்.

கண்ணாடிக் கடையில் குழு மறுபடி கூடியது. டாக்டர் தானே எழுந்தார். யார் சம்மதமும் கேட்காமல் தான் செய்தது விதிமீறல், அதற்காகத் தன்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். முகத்தைப் பார்த்தால் நிஜமாகத்தான் சொன்னார். டீச்சர் வருத்தத்தோடு, "விதின்னா விதிதான்," என்றார். கண்ணாடிக்காரர் கண் கலங்கினார். தையல்காரம்மா இரண்டுக்கும் தலையாட்டினார்.

எல்லாரும் கத்தியாரைப் பார்த்தார்கள்.

"சம்மதம் இல்ல," என்றார் அவர். பிறகு டாக்டரிடம், "அந்தக் கோட்டை என் வீட்டுக்குக் குடுத்து விடுங்க. ரத்தக் கறை எடுக்கிறது என் வீட்டுக்காரிக்குத் தெரியும். உப்பு போட்டு ஊற வைக்கணும். நீங்க வெந்நீர்ல போட்டிருப்பீங்க."

டாக்டர் வெந்நீரில்தான் போட்டிருந்தார்.

லீவு முடிந்து மகன் கிளம்பியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பேருந்து நிலையத்துக்கு அப்பாவே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ரொட்டிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தார். பேருந்து உறுமத் தொடங்கியதும் திட்டு தீர்ந்துவிட்டது. மகனின் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் கடிக்குதா?"

"முதல்ல கடிச்சுச்சு. இப்போ இல்லப்பா."

"ம்."

மகன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். "நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்க நிப்பீங்களாப்பா?"

"வந்ததுக்கு அப்புறமும் நிப்பேன்," என்றார் கத்தியார். "இடத்தை விட்டா பல் டாக்டர் புடிச்சுக்குவாரு."

மகன் சிரித்தான். பேருந்து அந்தச் சிரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. கத்தியார் மணியைப் பார்த்தார். ஐந்தை நெருங்கியிருந்தது. அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முனைக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. டாக்டர் தனியாகப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தும்மலை அடக்க முடியாமல், முகமெல்லாம் கோணிப்போய் யாராவது வர மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க," என்று கத்தியார் கையை நீட்டினார். "போய்த் தும்முங்க."